மஞ்சள் நூலில் ஒரு சாவி

எங்கள் தொழிற்சாலையில் ஆளுக்கொரு பூட்டு உண்டு.

ஹவுராவில் பிஸ்கட் செய்யும் இடம் அது. நான் அங்கே மின் பராமரிப்பு டெக்னீஷியன். எந்த மெஷினில் கை வைப்பதானாலும் முதலில் அதன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த சுவிட்சின்மேல் வேலை செய்பவர் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு தொங்கும். வேலை முடிந்தவர் தன் பூட்டைத் தானே வந்து திறக்க வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை பிரம்மாவே வந்து பொத்தானை அழுத்தினாலும் மெஷின் ஓடாது. ஒருவர் பூட்டை இன்னொருவர் திறக்கக் கூடாது, வெட்டக் கூடாது. சாவியைக் கைமாற்றவும் கூடாது.

சாவியைப் பையில் போட்டால் டெஸ்டரோடும் ஸ்க்ரூவோடும் கலந்து தொலைந்துபோகும் என்பதால் எல்லோரும் அதைக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொள்வோம். பூட்டைத் திறந்த பிறகு பூட்டும் சாவியும் பட்டறைச் சுவரில் அவரவர் ஆணிக்குத் திரும்பிவிடும். அடையாளத்துக்கு ஆளுக்கொரு கயிறு. எனக்கு அடுத்த ஷிப்ட்டில் வருகிற எலக்ட்ரீஷியன் கறுப்பு ஷூ லேஸில் கோத்திருந்தார்; வங்காளத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவரை நாங்கள் தாதா என்போம். மெஷின்களைப் பிரித்து மாட்டுகிற பிட்டர் தன் மகளின் சிவப்பு ரிப்பனைக் கத்தரித்துக் கட்டியிருந்தார். நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் காயில்களைக் கட்டும் பருத்தி நூலை எடுத்துக்கொண்டேன். உறுதியான நூல், அறுந்தே போகாது. நல்ல மஞ்சள் நிறம்.

ஒரு தமிழ்ப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் நூல் தெரிந்தால் அதற்கு என்ன பொருள் என்று அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது. வங்காளத்தில் கல்யாணமானவள் என்றால் கையில் சங்கு வளையல் இருக்கும், வகிட்டில் குங்குமம் இருக்கும். கழுத்தை யாரும் பார்ப்பதில்லை. அவர்களை விடுங்கள், கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே அது உறைக்கவில்லை. உறைத்த நாளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் ஷிப்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட்டுகள், வாரம் ஒன்றாகச் சுழலும். ஏ என்றால் விடியற்காலையில் போய் மதியம் திரும்புவது. பி என்றால் மதியம் போய் இரவில் திரும்புவது. சி என்றால் ராத்திரி முழுக்க வேலை. எனக்கு இந்தச் சுழற்சி பிடிக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை, பாவம் வேறு வழியில்லாமல் இப்படிச் சொல்கிறாள் என்று பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வரும். ஏ ஷிப்ட் வாரத்தில் ஊரே ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது நான் எங்கள் வீட்டுப் பக்கத்து டாக்குரியா ஏரிக்கரை பெஞ்சில் கால் நீட்டி வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பேன். பி ஷிப்ட் வாரத்தில் காலை முழுதும் என்னுடையது. சி ஷிப்ட் முடிந்து கம்பெனி வேன் இறக்கிவிட, சியால்தாவில் ரயிலேறும்போது எதிர்ப்பக்க ரயில்களில் ஜனம் பிதுங்கி வழியும். ஊருக்குள் வருகிற கூட்டம் அது. ஊரை விட்டு வெளியே போகிற என் ரயிலில் பெட்டி காலியாக இருக்கும், நான் ஜன்னலோரம் படுத்துக்கொண்டே வருவேன். ஒரே ஊரை மூன்று ஊராக அனுபவிக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

வரன் பார்க்க வந்தவர்களுக்கு இதெல்லாம் புரியவில்லை. 'நைட் ஷிப்ட்டா?' என்று கேட்டுவிட்டு, ஏதோ வியாதியின் பெயரைக் கேட்ட மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பையனின் அத்தை, "அப்போ ராத்திரி யாரு சமைப்பா?" என்று கேட்டாள். "பசிக்கறவா" என்றேன். அந்த வரன் அத்தோடு போயிற்று. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகுதான் இவர் வந்தார். நியூ டவுனில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை, அங்கேயே அடுக்குமாடியில் அப்பா அம்மாவோடு வீடு. எங்களைப் போலவே தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேர்விட்ட குடும்பம். பெரியவர்கள் கூடுவதற்கு முன் நாங்கள் இருவரும் ஒருமுறை பார்த்துப் பேசட்டும் என்று இரண்டு வீட்டிலும் சம்மதித்தார்கள். அந்த வாரம் எனக்கு சி ஷிப்ட். வெளிநாட்டுக்காரர்களுடைய கம்ப்யூட்டர்களுக்கு அவரும் ராத்திரி காவல் காக்கிற வாரம். காலையில் ஏரிக்கரையில் சந்தித்தோம். நான் ஒரு கொட்டாவி விட்டேன், உடனே அவர் ஒன்று விட்டார். அதைப் பார்த்து எனக்கு அடுத்தது வந்தது. "தூங்கி எழுந்துட்டு வந்து பேசலாமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டுச் சாலையோரக் கடையில் சூடாகக் கச்சோரி வாங்கித் தின்றோம். ஏன் ஷிப்ட் வேலைக்குப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. "மூணு ஷிப்ட்ல உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இலையில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்குக் குழம்பை வழித்துத் தின்றபடியே, இவர்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அவருடைய அம்மாவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நடுவில் நின்று பேசிய மாமா அதைக் கொண்டுவந்தார். "பொண்ணு எல்லாம் சரி. கல்யாணத்துக்கப்புறம் ஜெனரல் ஷிப்ட்டுக்கு மாறிடணும். அவ்ளோதான்." ஜெனரல் ஷிப்ட் என்றால் எங்கள் இடத்தில் ஸ்டோர் ரூமில் மேஜை போட்டு உட்கார்ந்து, எந்த பியூஸ் தீர்ந்துவிட்டது, எந்த பேரிங் வர வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பது. மெஷின் பக்கமே போக வேண்டாம். எனக்கு நினைத்தாலே மூச்சு முட்டியது.

"இப்போ சரின்னு சொல்லிடு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

எனக்கு அந்த வித்தை வராது. அந்தப் பிள்ளையும் வேண்டும், ஷிப்ட்டும் வேண்டும். அவர்கள் பெண் பார்க்க வரும் அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன். சொன்ன பிறகு அவரை இழந்தாலும் இழப்பேன் என்பது தெரிந்தே இருந்தது.

துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஊரெங்கும் பந்தலுக்கு மூங்கில் நட்டிருந்தார்கள். பூஜைக்கு ஊரே பிஸ்கட் தின்னும் என்பதால் எங்கள் அடுப்புகள் ஓய்வில்லாமல் ஓடின. பெண் பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏ ஷிப்ட். லீவு கேட்டிருக்கலாம். மதியமே முடிந்துவிடுகிற ஷிப்ட்டுக்கு எதற்கு லீவு என்று வீம்பாகப் போனேன்.

ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு மாவு பிசைகிற பெரிய மெஷினின் மோட்டார் சுட ஆரம்பித்தது. சுவிட்சை அணைத்து என் பூட்டை மாட்டினேன், பிட்டரும் தன்னுடையதை மாட்டினார். மூடியைத் திறந்து பார்த்தால் பேரிங் போயிருந்தது. அதை மாற்றச் சாயங்காலம் ஆகிவிடும் என்று பிட்டர் சொன்னார். அடுத்த ஷிப்ட் தாதா சீக்கிரமே வந்துவிட்டார். வேலையைக் கைமாற்றுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. வருகிறவர் தன் பூட்டை மாட்டுவார், போகிறவர் அவர் கண்ணெதிரே தன் பூட்டைக் கழற்றுவார். தாதா தன் பூட்டை மாட்டினார். நான் சட்டைக்குள்ளிருந்து சாவியை எடுக்கப் போனேன்.

அந்த நேரம் பார்த்து பேக்கிங் பிரிவுப் பெண்கள் கும்பலாக வந்துவிட்டார்கள். "தீதி இன்னும் இங்கேயா நிக்கறே? மாப்பிள்ளை வர்ற நாளாச்சே!" என்று வங்காளத்தில் ஒரே கூச்சல். அங்கே எல்லோருக்கும் நான் தீதி, அதாவது அக்கா. ஒருத்தி என் வாயில் ஒரு முழு சந்தேஷை அடைத்தாள். ஒருத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள், இன்னொருத்தி கையுறையை உருவினாள். தாதாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, "ஓடு ஓடு, மூஞ்சியில கிரீஸ், யாரு கட்டிப்பான் உன்னை!" என்று விரட்டினார். வாய் நிறைய இனிப்போடு நான் கம்பெனி வேனில் ஏறினேன். வேனில் ஏறியதும் தூங்கியும் போனேன்.

வீட்டில் அம்மா அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை. எனக்குப் புடவை கட்டிவிடக் கீழ்வீட்டு காகிமா வந்திருந்தாள். காகிமா என்றால் சித்தி; அவள் வங்காளி, எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் முதல் ஆளாக நிற்பவள். குளிக்கும்போதுகூட அந்த நூல் கழுத்தில் இருப்பது எனக்குத் தெரியவில்லை. நாள்தோறும் கிடக்கிற இடம், தோலோடு தோலாகப் போய்விட்டது. காகிமா பார்த்திருக்கிறாள். தெற்கத்திச் சாமிக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து, பயபக்தியோடு அதை ரவிக்கைக்குள் செருகி, தன் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாளாம். பிற்பாடு அவளே சொன்னாள். சொல்லும்போது எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அவர்கள் வந்தார்கள். அவர், அவருடைய அப்பா, அம்மா. அப்பா வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வந்த நிமிடத்திலிருந்து அவர் கண் பஜ்ஜித் தட்டின் மேலேயே இருந்தது. அம்மா ஒடிசலாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கூரான கண். அந்தக் கண்ணைப் பார்த்ததும் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் காற்றில் போயிற்று. காப்பியை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரே குனிந்தேன்.

அவள் கை டம்ளருக்கு வரவில்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன் கழுத்துல என்ன அது? மஞ்சக் கயிறு?"

அவருடைய அப்பா பஜ்ஜியை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். சமையலறை வாசலில் என் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தில் கை வைத்தேன். நூல் தட்டுப்பட்டது. இழுத்தேன். ரவிக்கைக்குள்ளிருந்து சாவி வெளியே வந்து பட்டுப்புடவையின் மேல் ஆடியது.

நியாயமாக எனக்கு வெட்கமோ பயமோ வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. சாவி இங்கே இருக்கிறது என்றால் பூட்டு அங்கே இருக்கிறது!

"ஐயோ, மெஷின்!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

போன் புடவைக் குவியலுக்கு அடியில் சத்தமில்லாமல் கிடந்தது. தாதா மீண்டும் மீண்டும் கூப்பிட்டிருந்தார். நான் பேசியதும் அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. பேரிங் மாற்றியாகிவிட்டது. பிட்டர் பூட்டைத் திறந்துவிட்டார், தாதாவும் திறந்துவிட்டார். பார்த்தால் இன்னும் ஒன்று தொங்குகிறது.

"வெட்டிடுங்க தாதா. நானே சொல்றேன்" என்றேன்.

"போன்ல சொன்னா ஆகாது, தீதி. வெட்டணும்னா மேனேஜர் வரணும், அவர் நாளைக்குத்தான் ஊருக்கு வரார். உன்னைக் கண்ணால பார்க்காம நான் கை வைக்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போனதும் வா. நாங்க இருக்கோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எல்லோரும் அறை வாசலில் நின்றிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். வேலை செய்கிறபோது போடுகிற பூட்டு, அதன் சாவி, கைமறதியாகக் கழுத்தோடு வந்துவிட்டது, அங்கே மெஷின் நிற்கிறது, நான் இப்போதே போயாக வேண்டும்.

"நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்" என்றார் என் அப்பா.

"சாவி என் கையைத் தாண்டக் கூடாதுப்பா."

"பொண்ணு பாக்க வந்திருக்கா. பொண்ணே எழுந்து போறாளாடி எங்கேயாவது?" என்று என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "லைன் நிக்கறதா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். "அப்போ எதுக்குப் பேசிண்டிருக்கோம்? கிளம்புங்கோ, நானும் வரேன்" என்று போனில் வண்டி கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவருடைய அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நானும் வரேன். என்ன வேலை, எந்த எடம்னு ஒரு தடவை கண்ணால பாத்துடறேன்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எண்ணெயும் இரைச்சலும் ஆண்கள் கூட்டமுமாக அந்த இடத்தைப் பார்த்துவிட்டால் ஜெனரல் ஷிப்ட்டுக்குக்கூட அவள் சம்மதிக்க மாட்டாள். அவருடைய அப்பா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "போயிட்டு வாங்கோ. பஜ்ஜி ஆறிடும், நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.

பூஜைக்குத் துணி வாங்க வந்த கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. ஆற்றங்கரையில் பாபுகாட் அருகே அது நின்றேவிட்டது. பாலத்தில் இன்னும் மோசம், படகில் போய்விடுங்கள் என்றான் ஓட்டுநர். இறங்கினோம். காஞ்சிபுரம் பட்டு, தலை நிறையப் பூ, கழுத்தில் சாவி என்று நான் முன்னால் ஓட, பின்னால் அவர், அவருக்குப் பின்னால் அவருடைய அம்மா. படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கல்யாணத்திலிருந்து ஓடி வருகிறீர்களா என்று வங்காளத்தில் கேட்டார். "இன்னும் நிச்சயமே ஆகலை" என்று அவருடைய அம்மா அதே வங்காளத்தில் பதில் சொன்னாள். அவள் பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹவுரா பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். அவளும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருகருகே நின்றோம். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"மாமி, நான் ஷிப்ட்டை விட மாட்டேன். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். உங்க பிள்ளையையும் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஸ்டோர் ரூம்ல போய் என்னால உக்கார முடியாது."

அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து, "காத்து ஜாஸ்தியா இருக்கு. ஒண்ணும் காதுல விழலை" என்றாள்.

அதை இன்னொருமுறை சொல்கிற தெம்பு எனக்கு இல்லை. படகு கரை தட்டியது.

டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் தொழிற்சாலை வாசலுக்கு வந்து இறங்கியதும் பேக்கிங் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். பட்டுப்புடவையைக் கண்டதுதான் தாமதம், எல்லோரும் சேர்ந்து குலவையிட ஆரம்பித்தார்கள். அது உள்ளே போய்த் தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. காவல்காரர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். திறந்தவர் விதியை விடவில்லை. உணவு செய்கிற இடம், தலையில் வலைத்தொப்பி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. அவருடைய அம்மாவுக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். கூரான கண்ணுக்கு மேலே வெள்ளை வலைத்தொப்பி. அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். சிரித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நான் பட்டின் மேல் யூனிபார்ம் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டு, தலைப்பை உள்ளே செருகி, பாதுகாப்பு ஷூவில் காலை நுழைத்துக்கொண்டேன்.

பேனல் அறையில் ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப்போட்டு, சுவிட்சுக்கு நேர் எதிரே தாதா உட்கார்ந்திருந்தார். பீமன் மாதிரி உடம்பு அவருக்கு. பின்னால் சுவரோரம் பிட்டரும் மற்றவர்களும் முறுக்கிய காகிதத்தில் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். பூட்டை வெட்டுகிற பெரிய கத்திரி அவர்கள் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது.

என் பூட்டு சுவிட்சில் தனியாகத் தொங்கியது. அதோடு சேர்ந்த சிவப்பு அட்டையில் என் படம், ஹெல்மெட்டோடு முறைத்துக்கொண்டிருந்தது. அடியில் வங்காளத்திலும் ஹிந்தியிலும் 'ஆபத்து, ஆள் வேலை செய்கிறார்' என்று எழுதியிருந்தது.

அவருடைய அம்மா கத்திரியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், பிறகு தாதாவிடம் வங்காளத்தில் கேட்டாள். அவளுடைய வங்காளம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"இவ அவாத்துல எங்களுக்குக் காப்பி குடுத்துண்டு இருக்கான்னு உங்களுக்கே தெரியுமே? இத்தனை நேரம் ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க? ஒரு வெட்டு வெட்டினா வேலை முடிஞ்சுதே."

தாதா டின்னிலிருந்து எழுந்து நின்றார். "மாஷிமா, அந்தப் பூட்டு தொங்கற வரைக்கும் அவ உள்ளே கையை விட்டுண்டு நிக்கறான்னுதான் எங்களுக்குக் கணக்கு. வீட்ல இருக்கான்னு புத்திக்குத் தெரியும். இருந்தாலும் கண்ணுல பார்க்கணும். இன்னிக்கு அவளோடதை வெட்டினா, நாளைக்கு என்னோடதை ஒருத்தன் வெட்டுவான். நான் அப்போ நிஜமாவே உள்ளே இருப்பேன்." அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஆனா இவ முழு சந்தேஷையும் தின்னுட்டுப் பூட்டை மறந்துட்டா, அதைப் பூஜை முடியற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன்" என்றார்.

அவள் இரண்டடி விலகி எனக்கு வழி விட்டாள்.

நான் குனிந்து, நூலைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினேன். பூட்டு கழன்றது. என் பெயரை உரக்கச் சொல்லி, 'கழற்றியாச்சு' என்றேன். அதுவும் எங்கள் வழக்கம். தாதா சுவிட்சைப் போட்டார். அடுத்த அறையில் மாவு மெஷின் ஒரு முறை முனகிவிட்டுச் சுழல ஆரம்பித்தது. அங்கே போய் மோட்டாரின் மேல் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை, சூடு இல்லை, சுகமாக ஓடியது. எனக்கு எல்லாக் கவலையும் மறந்துபோயிற்று. ஓடாத ஒன்று ஓட ஆரம்பிக்கிற அந்த நொடிக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வருகிறேன். திரும்பினால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

அவருடைய அம்மா சிவப்பு அட்டையைக் கையில் எடுத்து, என் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்காத்துலேந்து அனுப்பின போட்டோவைவிட இது நன்னா இருக்கு" என்றாள்.

வெளியே வந்து வாசல் கடையில் மண் குவளையில் டீ குடித்தோம். பேக்கிங் பெண்கள் பக்கத்து லைனின் அடுப்பிலிருந்து வந்த பிஸ்கட்டுகளை ஒரு காகிதத்தில் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் தலையில் வலைத்தொப்பி இன்னும் இருந்தது. எடுக்கச் சொல்ல எங்கள் இருவருக்கும் துணிச்சல் இல்லை.

"நாப்பது வருஷமா குடித்தனம் பண்றேன்" என்று அவள் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். "என் அலமாரியை என்னைக் கேக்காம திறக்காத மனுஷா ஒருத்தர் இல்லை. மாமியார் திறந்தா, நாத்தனார் திறந்தா, இதோ இவனும் இவன் அப்பாவும் இன்னிக்கும் திறக்கறா. இங்கே இவ்ளோ பெரிய ஆம்பளைகள்லாம் தலைக்கு மேல கத்திரியை வெச்சுண்டு, இவ வந்து திறக்கட்டும்னு பொரி தின்னுண்டு உக்காந்திருக்கா." ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள். "ராத்திரி ஷிப்ட்ல நீ தனியா இருப்பியேன்னுதான் நான் பயந்தேன். தனியா எங்கே இருக்கே?"

நான் டீக் குவளையைக் கீழே வைத்தேன்.

"படகுல நீ சொன்னது காதுல விழுந்தது" என்றாள். "நன்னா விழுந்தது. பதில் யோசிச்சுண்டிருந்தேன். ஷிப்ட்டுக்கே போ. ஆனா அந்த நூலோட கலரை மட்டும் மாத்திடு, அதைப் பாத்த நிமிஷம் எனக்கு நெஞ்சே நின்னு போச்சு."

நான் அழுதுவிட்டேன். டீக்கடை வாசலில், யூனிபார்ம் கோட்டுக்கு அடியில் பட்டுப்புடவையோடு, கையில் பிஸ்கட்டோடு, வெட்கமில்லாமல் அழுதேன். அவர் கைக்குட்டையை நீட்டினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் அதற்குக் காரணம் சூடான டீ என்று இன்றுவரை சாதிக்கிறார்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. என் சாவி அதற்குள் பச்சை நாடாவுக்கு மாறியிருந்தது. அந்த நாடாவை வாங்கிக் கொடுத்தவளே என் மாமியார்தான். ராத்திரி வேலை முடிந்த கையோடு சி ஷிப்ட் முழுதாக வந்திருந்தது, ஏ ஷிப்ட்டில் லீவு கிடைத்தவர்களும் வந்திருந்தார்கள். பி ஷிப்ட்காரர்கள் வேலைக்குப் போகிற வழியில் யூனிபார்மிலேயே எட்டிப்பார்த்து ஒரு வாய் பாயசம் குடித்துவிட்டு ஓடினார்கள். தாதா முதல் வரிசையில் உட்கார்ந்து, தமிழ்க் கல்யாணத்தில் எது எப்போது நடக்கும் என்று காகிமாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவள் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேளம் கொட்டியது. என் கழுத்தில் மஞ்சள் சரடு ஏறி, மூன்றாவது முடிச்சு விழுந்தது. அட்சதை தலையில் கொட்டி ஓய்ந்த அந்தச் சின்ன இடைவெளியில், தாதா பட்டறைக் குரலில் வங்காளத்தில் கத்தினார்.

"பூட்டியாச்சு! சாவி யார் கையில?"

பேக்கிங் பெண்கள் ஹோவென்று சிரித்தார்கள். வங்காளம் தெரிந்த கொல்கத்தாத் தமிழர்கள், அதாவது மண்டபத்தில் எல்லோருமே, சிரித்தார்கள். என் பின்னால் நின்று முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மாமியார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, சுத்தமான வங்காளத்தில் சொன்னாள்.

"அவகிட்டதான். வேற யார்கிட்ட இருக்கும்?"

அடுத்த திங்கட்கிழமை எனக்கு ஏ ஷிப்ட்.